நான்காம் மாடி நடுக்கட்டை

மழை பெய்த மறுநாள் ஜன்னல் பார்க்கப் போகக் கூடாது. ஊறிய மரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எது நல்லது, எது உளுத்தது என்று தட்டினாலும் தெரியாது. இரண்டு நாள் காயவிட்டுத்தான் போவேன். கோபன்ஹேகனில் முப்பத்தொரு வருடமாக இதுதான் என் வேலை. ஜன்னல் துடைக்கிறவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பேன். கண்ணாடியில் விரிசல் உண்டா, பெயின்ட் தெறித்திருக்கிறதா, கொக்கி பிடிக்கிறதா என்று எழுதி வைப்பேன். எழுதாவிட்டால் பழைய கீறலுக்கும் எங்களைத்தான் திட்டுவார்கள்.

பழைய வீடுகளில் ஜன்னலின் இரண்டு கதவுகளும் வெளிப்பக்கம் திறக்கும். துடைக்கிறவன் விளிம்பில் ஏறி, இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிற நடுக்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே சாய்வான். இடுப்புப் பட்டையையும் அதில்தான் மாட்டுவான். கட்டை உளுத்திருந்தால் நான் சிவப்பு நாடா ஒட்டுவேன். சிவப்பைக் கண்டால் யாரும் ஏறமாட்டார்கள். சிவப்பு இல்லையென்றால் யாரும் அசைத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள், என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ப்ரெபன் என்னோடு இருபது வருடம் வேலை செய்தவன். அவனும் என் மகன் யெஸ்பரும் ஜோடியாகத் துடைப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் யெஸ்பர் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்தான். இருபத்தேழு வயது. அந்த ஜன்னலையும் நான்தான் பார்த்திருந்தேன். கட்டை ஆடாமல் அசையாமல் நின்றது. விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் ப்ரெபனைக் கேட்டார்கள்.

"பையன் வாயில சாராய வாடை அடிச்சுது. பட்டையும் மாட்டல. ஏறாதடான்னேன், கேக்கல" என்றான்.

அவ்வளவுதான். என் பிள்ளை குடிகாரனாகிவிட்டான். சவ அடக்கம் முடிந்து காப்பி குடிக்க உட்கார்ந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கிர்ஸ்டன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதுவும் ப்ரெபனால்தான். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசுவானா? இவனோ ஒன்றும் நடக்காதது மாதிரி தினமும் வந்து, கறுப்பு ரொட்டியைப் பிரித்து, எனக்கும் ஒரு துண்டு நீட்டுவான். நான் வாங்கித் தின்பேன்.

போன திங்கட்கிழமை வெஸ்டர்ப்ரோ பகுதியில் ஒரு கட்டிடம். நான்காம் மாடியில், மாடிப்படிப் பக்கத்து ஜன்னலின் நடுக்கட்டையில் திருப்புளியை வைத்தேன். பிடிவரைக்கும் இறங்கியது. சிவப்பு நாடாவை வெளியே எடுத்தேன். பிறகு பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். பொந்தில் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடித்தேன். பார்க்க மற்ற கட்டைகளைவிட அதுதான் நன்றாக இருந்தது. தாளில் 'நல்லது' என்று எழுதினேன். நிதானமாகத்தான் எழுதினேன். கோபம் அடங்கியிருந்தது என்று நினைக்காதீர்கள், அதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

மறுநாள் காலை ப்ரெபன் வாளியோடு வந்தான். ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று, யெஸ்பரைப் பற்றிச் சொன்னதை மாற்றிச் சொல்லுவாயா என்று கேட்டேன்.

"கண்ணால பாத்தத எப்படி மாத்திச் சொல்றது, எய்னர்? சொல்லாம விட்டதும் ஒண்ணு இருக்கு. உனக்காகத்தான் விட்டேன். மேல எல்லாம் சரிதானே?"

"எல்லாம் சரி" என்றேன்.

நான்காம் மாடிக்கு அவன் வர ஒரு மணி நேரம் ஆனது. நான் முற்றத்தில், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருப்பான். போடவில்லை. பட்டையை மாட்டினான், சாய்ந்தான், கட்டையோடு கீழே வந்தான். நான்தான் கொன்றேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம்.

அவன் சொல்லாமல் விட்டது எது என்று கேட்கிறீர்கள். விழுந்த அன்றுதான் யெஸ்பரின் பிறந்தநாள். வேலைக்குப் போகும் வழியில் ப்ரெபனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மேசையில் சின்னக் கொடி, சூடான ரொட்டி, கூடவே கசப்பு மது. பிறந்தநாள் காலையில் எல்லார் வீட்டிலும் ஊற்றுவதுதான். ப்ரெபன் தன் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டான். "வேணாம்ப்பா, ஏறணும்" என்றான் யெஸ்பர். ஆம்பளையா நீ என்று கேலி செய்து மூன்று முறை நான்தான் ஊற்றினேன். கிர்ஸ்டனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊற்றியது யார் என்று ப்ரெபன் உங்கள் ஆட்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்தவன். அவன் சொன்னதை நீங்கள் எப்படி நம்பினீர்கள்?