மேகப் படம் வரைக்கும்

பழுது பார்க்கும்போது ஒரு தடவைக்கு ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் மாலை வகுப்புக்குப் போன நாட்களில், அன்றன்று நடந்ததை நோட்டில் எழுதி எழுதித் தெரிந்துகொண்டது. அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தேதிகள் சரியாக இருக்கும். மற்றவை எப்படியோ, என் விஷயத்தில் எனக்கு எதுவுமே நிச்சயம் கிடையாது.

என்னோடு படித்த நிலவனிடம் நோட்டு கிடையாது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வெறும் கையோடு வருவான். எங்கள் ஆசிரியர் அப்துல் வஹாப் சார் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, "யாரு மாட்டுறீங்க?" என்பார். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று நான் எழுதி முடிப்பதற்குள் அவன் மாட்டியிருப்பான். திரையில் எழுத்து ஓடும். ஒரு நாள் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நிலவன் கைய நம்பி என் வீட்டு மெஷினையே குடுப்பேன். பாலகணேஷ், நீ நல்லா எழுதுறப்பா."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் தவறு இல்லை.

அவனுடைய மூளை மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. எங்கள் மளிகைக் கடையைப் பூட்டினால் நான் மூன்று தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நிலவன் ஒரு வேலையை முடித்தால் இரண்டு கையையும் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். திரும்பிப் பார்க்க மாட்டான். அந்தத் தட்டும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

2000 செப்டம்பரில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் ஆள் தேவை என்று சாரிடம் சொல்லியிருந்தார்கள். கண்டெய்னர் பட்டியலுக்கான புரோகிராமை அக்டோபர் இருபதுக்குள் நன்றாகச் செய்து கொடுப்பவருக்கு வேலை. வகுப்பில் மூன்று பேருக்கு ஒரு மெஷின். நிலவன் பழைய உதிரிகளை வாங்கி வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டிவிட்டான். ஆனால் அது முழுதாகக் கிளம்பவில்லை. ஆன் செய்தால் விண்டோஸின் மேகப் படம் வரும். உடனே திரை கறுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"மேகம் வருது மாமு, மழ வர்ல. உன் நோட்ட எட்த்துகினு வூட்டாண்ட வா" என்றான்.

அக்டோபர் இரண்டு, விடுமுறை. அவன் டீ வாங்கக் கீழே போயிருந்தான். அவன் அம்மா பச்சையம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஐந்தாவது, பெட்டியின் முன்னால் இருக்கும், மெஷினை முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கும் ரீசெட் பட்டனின் ஒயர். பழைய பெட்டி, பட்டனுக்குள் துரு. ஹார்ட் டிஸ்க் வேகமெடுத்துப் பெட்டி அதிரும்போது, யாரோ அமுக்கினதுபோல் பட்டன் தானாகவே தொட்டுக்கொண்டது. ஒயரைப் பிடுங்கினேன், மேகம் தாண்டி முழுத் திரையும் வந்தது. செருகினேன், ரீஸ்டார்ட். மூன்று தடவை சரிபார்த்தேன். மொத்தம் பதினொரு நிமிடம்.

படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. ஒயரைத் திரும்பச் செருகிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. என் கை யோசிக்காமல் செய்த ஒரே வேலை அதுதான்.

"இன்னா டாக்டர், பொழைக்குமா?" என்றான்.

"பாக்கணும்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது சாயங்காலம் போனேன். ராம் என்கிற மெமரி அட்டையை மாற்றினோம். சாரிடம் பவர் சப்ளை இரவல் வாங்கினோம். விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நான் பொய் சொல்லவில்லை. பட்டியலில் ஐந்தாவதை மட்டும் தாண்டிப் போனேன். நாலாவது நாள் அவன் கேட்டான்: "மாமு, நாந்தான் எதுனா தப்பா மாட்டிக்கீறனா?"

"இருக்கலாம்" என்றேன்.

எனக்கு நானே ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லிக்கொள்ளும் வார்த்தை அது. அதைச் சொன்னதும் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு எதைக் கேட்டாலும் அதையே சொன்னேன். ஸ்க்ரூவை ஜாஸ்தி முறுக்கிட்டேனா, சிப்போட கால் வளைஞ்சிருக்குமா, என் கை பட்டு போர்டு செத்திருக்குமா. இருக்கலாம். இருக்கலாம். ஆறாவது நாள் அவன் ஒரு நோட்டு வாங்கியிருந்தான்.

பச்சையம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்: "இன்னா நைனா, இவன் பொட்டிய ரிப்பேர் பண்றானா, பொட்டி இவன ரிப்பேர் பண்ணுதா?"

ஒன்பதாவது நாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தவன் கீழே வைத்துவிட்டான். "நீயே பண்ணு மாமு. என் கை ராசியில்ல." அன்றைக்குப் போல் அவனை எனக்கு அதற்கு முன்பு பிடித்ததே இல்லை. தோளில் கை போட்டு, "பரவால்ல விடுடா" என்றேன்.

இருபதாம் தேதி போயிற்று. வேலை காலை வகுப்பில் படித்த மகிமா என்ற பெண்ணுக்குக் கிடைத்தது. அதனால் நான் வேலைக்காகச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது 2006. இடையில் நிலவன் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு கேட்டில் லாரி நம்பர் எழுதும் வேலைக்குப் போனான். எழுதி அனுப்பிய லாரியின் பின்னால் ஓடி, நம்பர் சரிதானா என்று பார்ப்பான். ரோடு வரைக்கும் லாரிகள் நின்றன. மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எந்த வேலையும் நிலைக்கவில்லை. இப்போது வீட்டில்தான். குழாயை மூடிவிட்டு அதன் எதிரிலேயே ஒரு மணி நேரம் நிற்கிறான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் பச்சையம்மா கடைக்கு வந்தார். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதாம். தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறானாம். "பொட்டி கெட்டதுக்கு நாந்தான் காரணம்னு இன்னும் பொலம்புறான் நைனா. உன் தப்பில்லனு யார்னா புரியவெச்சா பாதி சரியாப்பூடும்னு டாக்டரு சொன்னாரு. நீ பட்சவன், நீ சொல்லேன்."

சொல்கிறேன் என்றேன். ஒரு நிமிட வேலை. பெட்டியை இழுத்து, அவன் கண் எதிரிலேயே அந்த ஒயரைப் பிடுங்கினால் போதும்.

வழக்கம்போல் முறையாக யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் கடைக்கு வருகிறான். அந்த வாரம் செய்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டி, "கரீட்டா மாமு?" என்கிறான். நான் தலையாட்டினால்தான் அன்றைக்குத் தூங்குகிறானாம். அவன் கை மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை. கண் மேல் இல்லை. பெற்றவள் சொன்னாலும் நம்புவதில்லை. மிச்சம் இருப்பது என் மேல் உள்ள நம்பிக்கை ஒன்றுதான். அதையும் அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.