ஒரு கூம்புக்கு இரண்டு நொடி

புதிதாகக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டால் முதலில் ஆட்டோகிராஸுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். டிராக் டேக்கு அவசரம் இல்லை. க்ளின்ட்டுக்கும் இதையேதான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நேற்று கேட்டீர்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. சொல்கிறேன்.

ஆட்டோகிராஸ் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. கைவிடப்பட்ட விமானப்படை ஓடுதளம், ஒரு மைல் வெறும் கான்கிரீட். அதில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவோம். ஒரு நேரத்தில் ஒரு கார். ஐம்பது நொடியில் முடிந்துவிடும். கூம்பைத் தட்டினால் இரண்டு நொடி சேர்த்துவிடுவார்கள். கார் சுழன்று போனால் வெறும் கான்கிரீட்டில் போய் நிற்கும், நாலு பேர் சிரிப்பார்கள். அங்கே நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம் அந்தச் சிரிப்புதான்.

டிராக் டேயில் நேரம் பார்க்க மாட்டார்கள், பரிசும் கிடையாது. அதனால் அது சாதுவானது என்று நினைக்கிறார்கள். ஆனால் அது நிஜமான பந்தயத் தடம். ஒரு தடவை இறங்கினால் விடாமல் இருபது நிமிடம், நீண்ட நேர்ப்பாதையில் நூற்றிப் பத்து மைல் வேகம், அதன் முடிவில் பிரேக். அடுத்த சுற்றில் மறுபடி அதே பிரேக். அங்கே கூம்பு இல்லை. சுவர் இருக்கிறது.

க்ளின்ட் ராஸ்முசனின் வெள்ளை மியாட்டாவை இரண்டு வருடம் நாங்கள் இருவரும் ஓட்டினோம். கார் அவனுடையது. அதை ஓடவைத்தது நான். ஸ்பிரிங் எவ்வளவு, டயரில் காற்று எவ்வளவு, வெயிலுக்கு என்ன, மழைக்கு என்ன, எல்லாம் ஒரு பச்சை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வேலை, இப்போது வலது கையை மடக்க முடியாது. என் பட்டத்தை அம்மா கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். பட்டம் வாங்கி மூன்று வருடமாக உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிரேக் ஆயில் விற்கிறேன். "ஆம்பள யாராவது இருந்தா கூப்பிடும்மா" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது சொல்வார்கள். கூப்பிடுவேன். கடையில் இருக்கும் பையன் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போய் அவர்களுக்குப் பதில் சொல்வான்.

க்ளின்ட் என்னை டெல்லா என்று கூப்பிட்டதே இல்லை. 'காலேஜு' என்பான்.

போன செப்டம்பரில் கடைசிப் போட்டி. ஒமாஹாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார், சஸ்பென்ஷன் கடை வைத்திருப்பவர். பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டே எங்கள் இருவரிடமும் சொன்னார்: "கோப்பைய யாரு எடுக்கிறாங்களோ அவங்க திங்கக்கிழமை என் கடைக்கு வரலாம். கார டெஸ்ட் பண்ணி செட் பண்ண ஆள் வேணும். வெளையாட்டுக்குச் சொல்லல."

இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள். ஆட்டோகிராஸில் நடுவர் என்று தனியாக யாரும் கிடையாது. பாதிப் பேர் ஓட்டும்போது மீதிப் பேர் வெயிலில் நின்று கூம்பு பொறுக்க வேண்டும். அப்புறம் இடம் மாறிக்கொள்வோம். எங்கள் சங்கம் சின்னது. ஒரே காரை இருவர் ஓட்டினால், கார் ஆறட்டும் என்று ஒருவரைக் காலையிலும் மற்றவரை மதியத்திலும் போடுவார்கள். ஆக, நான் ஓட்டும்போது என் கூம்புக்குத் தீர்ப்புச் சொல்ல நின்றவன் க்ளின்ட். ஒவ்வொரு கூம்பின் அடியைச் சுற்றியும் சாக்பீஸால் கட்டம் போட்டிருக்கும். கூம்பு நகர்ந்தாலும் அதன் அடி அந்தக் கோட்டை ஒரு விரல் அகலம் தொட்டுக்கொண்டிருந்தால் தண்டனை இல்லை. விழுந்தாலோ முழுக்க வெளியே போனாலோ இரண்டு நொடி. அங்கே நிற்பவன் ரேடியோவில் சொல்வதுதான் முடிவு.

காலையில் அவன் ஓட்டியதைவிட முக்கால் நொடி வேகமாக வந்தேன். ரேடியோவில் க்ளின்ட்டின் குரல் கேட்டது. "கடைசி வளைவு, ஒரு கூம்பு."

காரை நிறுத்திவிட்டு நடந்தே போனேன். கூம்பு கட்டத்துக்குள் ஒழுங்காக நின்றது. கான்கிரீட்டில் அது இழுபட்ட கறுப்புத் தடம் தெரிந்தது. தடம் முடிந்த இடத்தில் கூம்பின் அடி இன்னும் கோட்டைத் தொட்டிருக்கிறது.

"க்ளின்ட், இது கோட்டத் தொட்டுட்டுதான இருந்துச்சு?"

"எந்தக் கோடு? கூம்பு எங்க நிக்கணுமோ அங்கதான நிக்குது."

"நீ எடுத்து வச்சிட்ட."

"அதுக்குத்தான என்னை இங்க நிக்க வச்சிருக்காங்க? ரெண்டு செகண்டுதான காலேஜு, எழவா விழுந்துடுச்சு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் பொம்பளைக்குத் தோற்கத் தெரியவில்லை என்பார்கள். திங்கட்கிழமை க்ளின்ட் ஒமாஹா போனான். பச்சை நோட்டு காரின் டேஷ்போர்டு பெட்டியில் இருந்தது, அதையும் எடுத்துப் போயிருக்கிறான். வேலை கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினாராம் கடைக்காரர். இதை என்னிடம் அவனே சொன்னான்.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்கிறவர்கள் அவசரப்படுவார்கள். நான் ஏப்ரல் வரை பொறுத்திருந்தேன்.

ஏப்ரலில் ஒரு தாளோடு என் உதிரிபாகக் கடைக்கு வந்தான்.

"காலேஜு, டிராக் டே போறேன். காரச் செக் பண்ணிட்டு யாராவது தெரிஞ்சவங்க கையெழுத்துப் போடணுமாம். நீ படிச்ச புள்ள, போட்டுக் குடு."

"இன்னொரு வருஷம் கூம்பு ஓட்டு க்ளின்ட். அங்க வேற மாதிரி."

"ஏன், நான் பெரிய ஆளாயிடுவேன்னு வயித்தெரிச்சலா?"

அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? காரை விட்டுவிட்டுப் போ என்றேன்.

ஆட்டோகிராஸில் போட்டி நாள் காலையில் ஒவ்வொரு காரையும் நாங்களே கையால் ஆட்டிப் பார்ப்போம். டிராக் டேயில் தாளை நம்புகிறார்கள். பதினான்கு வரி, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை, கீழே கையெழுத்து. ஒன்பதாவது வரி, பிரேக் ஆயில் ஆறு மாதத்துக்குள் மாற்றப்பட்டதா. மூடியைத் திறந்து பார்த்தேன். கறுப்புக் காப்பி மாதிரி இருந்தது. நான்கு வருட ஆயில். ஐம்பது நொடி ஓட்டத்துக்கு அது போதும், பிரேக் சூடாவதற்குள் முடிந்துவிடும். இருபது நிமிடத்துக்குப் போதாது. பழைய ஆயில் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்திருக்கும். சூடேறினால் கொதிக்கும், குமிழி விடும், பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. இதை முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒன்பதில் ஆம் என்று போட்டேன். புது ஆயில் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

என் கணக்கு எளிமையானது. பெடல் போகும், தடம் மாறும் காரை நிறுத்த ஓரத்தில் கொட்டியிருக்கும் மணலில் அவன் போய்ச் செருகுவான், எல்லோரும் சிரிப்பார்கள். தடத்தின் வரைபடத்தை இணையத்தில் பார்த்தேன். எல்லா வளைவிலும் மணல் இருக்கிறது, நேர்ப்பாதையின் முடிவில் மட்டும் இல்லை. அதையும் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் அங்கிருந்து போன் செய்தான். இரண்டு தடவை இறங்கி ஓட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"காலேஜு, பெடல் கொஞ்சம் பொசுக்கு பொசுக்குனு உள்ள போகுது."

"பிரேக் பேட் சூட்டுல செட்டாகுது. பயந்துட்டியா?"

"எவன் பயந்தான்?"

பக்கத்தில் இன்னொரு ஆணின் குரல் கேட்டது, வயதான குரல். "கார யாரு தம்பி செக் பண்ணது?"

"இன்ஜினியர் சார். டிகிரி வச்சிருக்கா."

"இன்ஜினியரா? அப்ப சரி, போலாம்."

என் படிப்பை மதித்து ஒரு ஆள் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தேன். பக்கத்து மேசையில் சாப்பிடும் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை இறங்கியபோது நேர்ப்பாதையின் முடிவில் பெடல் தரைக்குப் போனது. க்ளின்ட் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்திருக்கிறான், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வலது பக்கம் சுவரில் மோதியது. க்ளின்ட்டுக்குத் தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. ஓட்டுபவனுக்குப் பக்கத்தில், வலது சீட்டில் இருந்தவர் மார்வின் ஒடெல், தபால்காரர், அறுபத்தொரு வயது. ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார்.

டிராக் டேக்கு முதல் தடவை வருகிறவர்களின் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்காருவார். சம்பளம் கிடையாது, ஆசைக்கு வருகிறவர்கள். இது ஊரறிந்த வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஆட்டோகிராஸ்காரர்கள் எல்லோரும் செய்யக்கூடிய தப்புதான் இது. நாங்கள் தனியாக ஓட்டிப் பழகியவர்கள். இரண்டு வருடத்தில் அந்தக் காரின் வலது சீட்டில் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மார்வின் ஒடெலை நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் என் கணக்கிலேயே இல்லை.

திரும்பத் திரும்ப அந்தத் தாளை என் பக்கம் தள்ளுகிறீர்கள். அது என் கையெழுத்துதான். ஒன்பதாவது வரி பொய், தெரிந்தேதான் எழுதினேன். ஆயில் கொதிக்கும் என்று தெரியும், கொதிக்க வேண்டும் என்றுதான் விட்டேன். போனில் சொன்னதும் பொய். ஆனால் மற்ற பதிமூன்று வரியும் உண்மை. நான் அரைகுறையாக வேலை செய்கிறவள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். பன்னிரண்டாவது வரியைப் பாருங்கள். வலது சீட்டின் பெல்ட் ஓரத்தில் பிசிறடித்திருந்தது. பழைய கார் உடைக்கும் இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் தேடி நல்லதாக ஒன்று கழற்றி வந்து மாட்டினேன். மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் ஆம் என்று போட்டுப் பக்கத்தில் எழுதினேன்: ஆள் உட்காரலாம்.