அறுநூற்று நாற்பது கைகள்

எங்கள் கல்லூரியின் ஆண்டறிக்கையை எட்டு வருஷமாக நான்தான் எழுதிவருகிறேன். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த மனிதர் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். விழாவுக்கு வருகிறவர்கள் அதை விசிறியாக வீசிக்கொள்வார்கள். அலுத்துப்போனால் நாற்காலியில் விரித்து அதன்மேல் உட்காருவார்கள். போகும்போது லட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். சர்க்கரை ரேஷனுக்கு வந்த பிறகும் லட்டுக்கு மட்டும் குறைவில்லை. நெய் ஊறிய தாளில், நான் தேர்ந்தெடுத்துப் போட்ட வார்த்தைகள் மறுபக்கமாகத் தெரியும். பார்க்கக் குமட்டும். 

நான் விலங்கியல் விரிவுரையாளன். தவளை, கரப்பான் இவற்றோடு புழங்குகிறவன் என்பதால் அழுக்குக்குப் பழகியவன் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கை கழுவுகிறவன் நான். மயிலாப்பூர் மாடவீதியில் தேர்க்கூட்டம் என்றால் அந்தப் பக்கமே போகமாட்டேன். அடுத்தவர் வியர்வை என்மேல் பட்டால் அன்று சாப்பாடு இறங்காது.

அறிக்கையில் மூன்று தலைப்புகள் உண்டு. சமூகத் தொண்டு, விளையாட்டு, மாணவர் சாதனை. போன வருஷம், அதாவது நாற்பத்து மூன்றில், ஒரு மைல் ஓட்டத்தில் ஜெயித்தவன் பெயரைத் தவறாக அச்சடித்துவிட்டார்கள். பிழையைச் சொல்லும் துண்டுச் சீட்டை எண்ணூறு பிரதிகளிலும் நானே கோந்து தடவி ஒட்டினேன். தலைமை விருந்தாளி மேடையில் அந்தச் சீட்டைத்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு, "ஓடினவன் ஒருத்தன், ஜெயிச்சவன் ஒருத்தனா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. பிரின்ஸிபால் சிதம்பரநாதன் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷம் காகிதக் கட்டுப்பாடு. ஜனவரிக்குள் அச்சடிக்காவிட்டால் எங்கள் பங்குக் காகிதம் வேறு யாருக்காவது போய்விடும் என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். விழாவோ பிப்ரவரிக் கடைசியில். என்ன செய்வது என்று பிரின்ஸிபாலைக் கேட்டேன்.

"நடக்கப்போறதைத்தானய்யா எழுதுறோம்? நடக்காததையா எழுதப்போறோம்? எழுதிக் கொடும்" என்றார்.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொட்டில் கட்டுகிற வேலை. இருந்தாலும் எழுதிக் கொடுத்தேன். அறிக்கை இங்கிலீஷில்தான். விசாரிக்க வந்த நீங்கள் மூவரும் திரும்பத் திரும்பக் கேட்ட அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முள்ளிக்குப்பத்தில் வசிக்கும் அறுநூற்று நாற்பது பேருக்கும் நம் மாணவர்கள் காலராத் தடுப்பூசி போட்டார்கள், அங்கே இவ்வாண்டு ஒருவருக்கும் அந்நோய் காணவில்லை.' அடுத்த பக்கத்தில், ஒரு மைல் ஓட்டத்தில் அன்வர் பாஷா மூன்றாம் வருஷமாக முதலிடம் பெற்றான் என்று இருக்கும். இரண்டையும் நான் எழுதியபோது ஓட்டமும் நடக்கவில்லை, ஊசியும் வந்து சேரவில்லை.

அன்வர் பாஷாவை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பவேண்டும். தகப்பன் இல்லாத பையன். தாயார் நஸ்ருன்னிசா ராயப்பேட்டையில் தொப்பி தைத்து அவனைப் படிக்கவைத்தாள். விடிந்ததும் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, பாலவாக்கம் வரை கடற்கரை மணலிலேயே ஓடிப்போய்த் திரும்புவான். என் வகுப்பில் அவனுடைய நோட்டுப் புத்தகம்தான் சுத்தமாக இருக்கும். சமூகத் தொண்டுக் கழகத்துக்கும் அவன்தான் செயலாளர். குப்பத்து ஜனங்கள் என்னைக் கண்டால் குடிசைக்குள் போய்விடுவார்கள். அவனைக் கண்டால் வெளியே வருவார்கள்.

குப்பம் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. கருவாடு காயும் இடத்துக்கு அடுத்தே ஜனங்கள் மலம் கழிக்கிறார்கள். பத்தடி தள்ளிக் குடிதண்ணீர்க் கிணறு. அதிலிருந்து மொண்ட தண்ணீரை டம்ளரில் ஊற்றி உபசாரமாக நீட்டுவார்கள். அன்வர் வாங்கி மடமடவென்று குடிப்பான். நான் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்ததே இல்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மருந்து வந்தது. நானூற்றுப் பத்துப் பேருக்குத்தான் இருந்தது. யுத்தகாலம், பட்டாளத்துக்குப் போக மிச்சம் இவ்வளவுதான் என்றார்கள். ஏ.ஆர்.பி. என்கிற விமானத் தாக்குதல் தற்காப்புப் பயிற்சியில் ஊசி போடக் கற்றிருந்ததால் ஊசி போடுகிற வேலை என்னுடையது. இரண்டு நாளில் மருந்து தீர்ந்துவிட்டது. இன்னும் இருநூற்று முப்பது கைகள் பாக்கி.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தவளையின் இதயத்தை அறுத்து எடுத்துப் போட்டு, அது துடிப்பதை மாணவர்களுக்குக் காட்டுவோம். அதற்கென்று உப்புநீர் காய்ச்சி வைத்திருப்போம். அதில் இரண்டு புட்டி எடுத்துக்கொண்டேன். மறுபடி ஒரு முறை கொதிக்கவைத்தேன். ஊசிமுனைகளையும் கொதிக்கவைத்தேன். சுத்தத்தைப் பொறுத்தவரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த இருநூற்று முப்பது பேரில் ஒருவருக்குக்கூடக் கை சீழ்வைக்கவில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

மூன்றாம் நாள், மீனவன் கபாலியின் மனைவி ஜானு கை நீட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"இன்னாத்துக்கு சார் ஊசி? நல்லாத்தானே கீறேன்" என்றாள்.

"பயப்படாதேக்கா. எனக்குத்தான் முதல்ல போடப்போறாரு, பாரு" என்று அன்வர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றான்.

தீர்ந்துபோன மருந்துப் புட்டி ஒன்றின் அடியில், வழித்தெடுத்தால் ஒரு ஆளுக்குப் போதுமான நிஜ மருந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க நான் மேஜைக்குத் திரும்பிப் போகவேண்டும். ஏன் புட்டி மாற்றுகிறேன் என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்ததையே போட்டேன். அவன் ஜானுவைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, அன்வர் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்தான். ஜானுவுக்கு வயிற்றோட்டம் என்றான். அவனோடு போனேன். குடிசைக்குள் நான் கண்டதை எழுதக் கூசுகிறது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி அவளிடமிருந்து போய்க்கொண்டே இருந்தது. பாயெல்லாம் அது. ஈ மொய்த்தது. கண் உள்ளே போய், விரல் தோல் சுருங்கியிருந்தது. நான் வாசலைத் தாண்டவில்லை. வாசலிலிருந்து பார்த்தாலே காலரா என்று சொல்லிவிடலாம்.

கபாலி கைவண்டியில் கோணி விரித்துத் தயாராக வைத்திருந்தான். "ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போறேன் சார். தண்ணியா போய்க்கினே கீது, நிக்க மாட்டேங்குது" என்றான்.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி ஊசி போட்டதா என்பது. போட்டது என்றால் எந்த மருந்து, எந்தப் புட்டி என்று கேட்பார்கள். கார்ப்பரேஷன் சுகாதாரக்காரர்கள் வருவார்கள். பத்திரிகையில் வரும். எண்ணூறு பிரதிகளும் கட்டுக்கட்டாகப் பிரின்ஸிபால் அறையில் இருந்தன. புதிதாக அச்சடிக்கக் காகிதம் கிடையாது.

"நீ தள்ளிக்கொண்டு போனால் வழியெல்லாம் நோய் பரவும். கார்ப்பரேஷனுக்கு நான் டெலிபோன் செய்கிறேன். வண்டி இங்கேயே வரும். அவளை அசைக்காதே" என்றேன்.

கபாலி கைகூப்பிக் கும்பிட்டான். கைவண்டியை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

டெலிபோன் பிரின்ஸிபால் அறையில் இருந்தது. அந்த அறைக்குப் போனேன். அறிக்கைக் கட்டுகள் ஈரம்படாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். பிறகு லைசால் கிருமிநாசினி போட்டு முழங்கை வரை கழுவினேன்.

வெள்ளிக்கிழமை விளையாட்டுப் போட்டி. காலையில் அன்வர் குப்பத்திலிருந்தே நேராக வந்தான். கண் சிவந்திருந்தது.

"வண்டி இன்னும் வர்லியே சார். மறுபடியும் டெலிபோன் பண்ணிப் பாக்குறீங்களா?"

"பெட்ரோல் தட்டுப்பாடு. கண்டிப்பாக வரும். ஊசி போட்டவளுக்குக் காலரா வராது என்று நீதானே எல்லோருக்கும் சொன்னாய்? இது சாதாரண பேதி. போய் ஓடு" என்றேன்.

ஓடினான். கடைசிச் சுற்றில் மற்றவர்களை ஐம்பது கஜம் பின்னால் விட்டுவிட்டான். நாடாவை அறுத்தவன் நிற்கவில்லை. அப்படியே மைதானத்தைக் கடந்து, வெளிவாசல் வழியாக ஆற்றுப் பக்கம் ஓடினான். வெற்றிக் களிப்பு என்று நினைத்து மாணவர்கள் கைதட்டினார்கள். அவன் போய்ச் சேர்ந்தபோது ஜானு இறந்துவிட்டிருந்தாள். அடக்கச் சீட்டில் பேதி என்று எழுதினால் போதும், தொந்தரவு இருக்காது என்று கபாலிக்குச் சொல்லியனுப்பினேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். கிணற்றில் மருந்து போட யாரும் வரவில்லை. அதற்கு யாருக்கும் காரணம் இல்லையே.

சனிக்கிழமை விழா. அந்த வாக்கியத்தைப் பிரின்ஸிபால் வாசித்தபோது நீண்ட கரகோஷம். தலைமை விருந்தாளி லட்டுப் பிசுக்கு ஒட்டிய விரல்களோடு சேவைக் கேடயத்தைத் தூக்கிப் பிடித்தார். சலவைச் சட்டைகள், வாசனைத் திரவியம், ஜரிகை அங்கவஸ்திரம், பல் இடுக்கில் முந்திரி. ஒருவருக்குக்கூடக் குப்பம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. அத்தனை முகங்களும் எனக்கு அருவருப்பாக இருந்தன. அந்த மண்டபத்தில் குப்பத்துக்காகக் கையை அழுக்காக்கிக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. அன்வர் மேடையேறிப் பதக்கம் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். அடுத்த வாரத்துக்குள் குப்பத்தில் இன்னும் ஒன்பது பேர் இறந்தார்கள். சுகாதாரக்காரர்கள் தாமாகவே வந்தார்கள். புட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். நான் செய்ததெல்லாம் கல்லூரியின் நல்ல பெயருக்காக என்று முதல் நாளே உங்களிடம் சொன்னேன். மூவரும் தலையசைத்தீர்கள். தண்டிக்கத்தான் வேண்டும், ஆனால் புரிகிறது என்பதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை நஸ்ருன்னிசா ஆள் அனுப்பினாள். போனேன். அன்வர் கட்டிலில் கிடந்தான். காலடியில் பேசின். அதில் இருந்ததை நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீடு சுத்தமாக இருந்தது. அதனால் உள்ளே போய் உட்கார்ந்தேன். தெருவிலிருந்த டாக்டர் வந்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலேஜ்ல ஊசி போட்டாங்கோ டாக்டர் சாப். எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்றாள் நஸ்ருன்னிசா.

டாக்டர் என்னைப் பார்த்தார். "தடுப்பூசி போட்டது நிச்சயம்தானா? இல்லையென்றால் இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்."

அன்வர் கண்ணைத் திறந்தான். "சார் கையாலயே போட்டாரு டாக்டர்" என்றான். குரல் எழும்பவில்லை.

"ஆமாம். நானே போட்டேன்" என்றேன்.

அப்படியானால் ஓட்டத்தின் களைப்பும் விருந்துச் சாப்பாடும்தான் என்று டாக்டர் ஒரு மிக்ஸ்சர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை மதியம் அன்வர் இறந்தான். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நரம்பில் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள், பிழைத்திருப்பான் என்று அந்த டாக்டர் பிறகு என்னிடம் சொல்லி அழுதார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

விழா முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அறிக்கையை எல்லோரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேடயம் அலமாரியில் இருந்தது. அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் கல்லூரிக்குப் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. இது எனக்கு இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இந்த வாக்குமூலத்தைக் கபாலிக்கும் அந்த அம்மாளுக்கும் படித்துக் காட்டுவோம் என்றீர்கள். கபாலிக்குப் படியுங்கள். அந்த அம்மாளுக்குப் படிக்கும்போது மட்டும் அன்வருக்கு நான் போட்ட ஊசியையும் ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மகனைப் பறிகொடுத்தவள், மனம் தாங்காது. தவிரவும், கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே என்று அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்போது என்னை நல்லவன் என்று நினைப்பதற்கு எனக்கு அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.