பலகை வீட்டு வாசல்

தாம்பரத்தில் கிளம்பிய பீச் மின்சார ரயிலில், மடியில் வரைபடச் சுருளோடு எதிர் சீட்டில் இருந்த பெண் சொன்னாள்: "கூரையே இல்லாத வீட்டுக்குள்ள போக யாராவது செருப்பைக் கழட்டுவாங்களா?"

பக்கத்தில் உளி, சுத்தியல் பையோடு இருந்த தச்சர் சிரிக்கவில்லை. "பாத்தா வூடு மாதிரி கீதே மேடம்."

பேச்சிலிருந்து புரிந்தது இதுதான். பத்து நாள் கட்டடக் கண்காட்சிக்கு தச்சர் பலகையில் மாதிரி வீடு ஒன்று அடித்திருக்கிறார். ஜனங்கள் முன்வாசலில் நுழைந்து கொல்லைப்பக்கமாக வெளியேற வேண்டும் என்று வழி வகுத்தது அவள். முதல் நாளே எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போய், அதை எடுக்க வந்த வழியே திரும்பியிருக்கிறார்கள். நெரிசலில் ஒரு சுவர் சாய்ந்துவிட்டதாம்.

"செருப்போட வரலாம்னு போர்டு வெச்சிருந்தேனே."

"படிச்சாங்க. படிச்சிட்டுதான் கழட்டுனாங்க."

"நாளைக்குக் காலையில எங்க சார் வர்றாரு. மூணு மாசம் யோசிச்சியே, இது தெரியலையான்னு கேப்பாரு."

"செவுத்த நான் நிமித்திடறேன். கொல்ல வழிய சுத்தி வாசலுக்கே திருப்பி வுட்டுடலாம். ரெண்டு மணி நேர வேலை."

அவள் தலையசைத்தாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. "எனக்கு எப்படி இது தோணாம போச்சு?"

"எப்படி மேடம் தோணும்? பெயிண்ட் காஞ்சதும் பாக்க வந்தீங்களே, அன்னிக்கு நீங்களும் வாசல்ல கழட்டி வுட்டுட்டுதான் உள்ள போனீங்க. கழட்டுனதே உங்களுக்குத் தெரியல."