அளவு நோட்டு

– அக்காவை அடக்கம் பண்ணி இன்னும் பத்து நாள் ஆகல. அதுக்குள்ள வந்து அளவு நோட்டை எடுன்னா எப்படிண்ணே? முதல்ல அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

– உக்கார வரல தங்கச்சி. கடைசியா எம் பொண்டாட்டி யூனிஃபார்ம் சட்டையப் பிரிச்சுவிடக் குடுத்தாள்ல? எத்தனை இன்ச் பெருத்திருந்தா? அதை மட்டும் பாத்துச் சொல்லு, போயிடறேன்.

– மூணு தரம் குடுத்தாங்க. பஸ் ஓட்டுறப்ப நெஞ்சுகிட்டப் பிடிக்குது, ஸ்டியரிங்கை ஒடிச்சா மூச்சு முட்டுது, கொஞ்சம் லூஸ் பண்ணி விடுடின்னாங்க. இந்தாங்க, அவங்க பக்கம். போன வருஷம் தைச்சப்போ மார்பளவு முப்பத்தெட்டு.

– அப்புறம்?

– முதல் தரம் பிரிக்க வந்தப்போ முப்பத்தெட்டு.

– ரெண்டாவது தரம்?

– அதே முப்பத்தெட்டுதான். மூணாவது தரம் முப்பத்தேழரை. இளைச்சுல்ல போயிருக்காங்க.

– டேப்பைத் தப்பாப் பிடிச்சிருப்ப.

– இருபது வருஷமாப் பிடிக்கிறேண்ணே, கண்ணை மூடிக்கிட்டுப் பிடிப்பேன். நானும் சொன்னேன், அக்கா, சட்டை தொளதொளன்னு தொங்குது, இன்னும் என்னத்தப் பிரிக்கன்னு. கேக்கல. இந்த மூணு படி ஏறினதுக்கே சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஒரு நாள் தாடை வலின்னாங்க, ஒரு நாள் முதுகுன்னாங்க. வயித்தைப் பிரட்டுதுன்னு தண்ணி கூட வேணான்னுட்டாங்க. பஸ் ஓட்டுறவளுக்கு முதுகு வலிக்காம பூவா பூக்கும்னு நான் வேற சிரிச்சேன்.

– எனக்கு மாரடைப்பு வந்தப்போ நெஞ்சுல பாறாங்கல்லை ஏத்தின மாதிரி இருந்துச்சு. இடது கை மரத்துப்போச்சு. வேர்த்த வேர்வையில சட்டையப் பிழியலாம். அவதான் பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டா. டிப்போவுல நின்ன பஸ்ஸுல என்னைத் தூக்கிப் போட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினா.

– அதுக்கு வாங்கின மெமோவை இங்க உக்காந்து காட்டிக் காட்டிச் சிரிப்பாங்களே.

– அவளுக்கு நெஞ்சு வலிக்கவே இல்ல தங்கச்சி. பொம்பளைங்களுக்கு இப்படியும் வரும், மூச்சு முட்டும், அசதியாப் போடும், தாடை வலிக்கும்னு டாக்டர் சொல்றாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு சொல்றாரு.

– என்னை மன்னிச்சிருங்கண்ணே. அளவு ஏறல, ஆனாலும் பிடிக்குதுங்கறாங்கன்னா உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு எனக்குல்ல தோணிருக்கணும். டாக்டர்கிட்டப் போங்கன்னு விரட்டாம, உக்காந்து நூலைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேனே பாவி.

– நீ அழாத. இன்னொரு தடவை பாரு. ஒரு இன்ச்சாவது ஏறியிருக்கும்.

– ஏறலண்ணே. அதையே எதுக்குத் திருப்பித் திருப்பிக் கேக்குறீங்க?

– மூச்சு முட்டுதுன்னு முதல்ல எங்கிட்டதான் வந்து நின்னா. தின்னு தின்னு பெருத்துட்ட, போய்ச் சட்டையப் பிரிச்சுப் போட்டுக்கடின்னு இங்க அனுப்பினவன் நான்தான்.