பதினோரு கிலோ காத்து

சாவிய எடுங்க தம்பி. ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, எடுத்து என் கையில குடுங்க. நான் யாரு, என்ன உரிமைன்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம். வழியில போற மெக்கானிக் ஒருத்தன் வம்பிழுக்கறான்னே வச்சுக்கங்க. அந்த நிழல்ல உக்காந்து பிள்ளைக்குத் தலை சீவிட்டிருக்காங்களே, உங்க வீட்டம்மாதானே? எந்திரிச்சு அந்தக் கடைப்பக்கம் போகச் சொல்லுங்க. சும்மா சொல்லல. அவங்க சாஞ்சிருக்கறது உங்க லாரியோட ஏர் டேங்கு, பிரேக்குக்குக் காத்து புடிச்சு வைக்கறது. அதுக்குள்ள இப்ப பதினோரு கிலோ அழுத்தத்துல காத்து நிக்குது, உங்க மீட்டர் முள்ளே சொல்லுது. போகச் சொல்லுங்கன்றேன்ல!

ஹாங். இன்னும் தள்ளிப் போம்மா, பாப்பாவையும் கூட்டிட்டு. அந்தக் கம்பத்தைத் தாண்டி. போதும், அங்கேயே நில்லுங்க.

மீட்டர் கோளாறா? எல்லா டிரைவரும் சொல்றதுதான். முள்ளு கீழ இறங்கினா உயிர் போகுதுன்னு ஓடி வருவீங்க. மேல ஏறிக் கிடந்தா பிரேக்கு நல்லாப் புடிக்குதுன்னு குஷியா ஓட்டுவீங்க. எத்தனை நாளா இப்படி? நாலு நாளா! சரி சரி, திட்டல. இந்தாங்க, இது என்னோட மீட்டர். மாட்டறேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்க. பதினொண்ணா? ரெண்டு மீட்டரும் பேசி வச்சுக்கிட்டா பொய் சொல்லும்? எட்டு வந்ததும் காத்து ஏறறது நின்னிருக்கணும் தம்பி, எட்டு.

சக்கரத்துக்குக் கட்டை குடுங்க, எல்லாப் பக்கமும். காத்து இறங்கிட்டா பழைய வண்டியோட பிரேக்க நம்ப முடியாது. இப்ப டேங்கு அடியில இருக்கற திருகை மெதுவாத் திறக்கறேன், சத்தம் வரும், நகராதீங்க. பாருங்க என்ன வருதுன்னு, தண்ணியும் எண்ணெயும் கலந்து தார் மாதிரி. ஏன் இவ்வளவு மெதுவான்னு பார்க்கறீங்களா? வயசெல்லாம் ஆகல, பயம்தான். எனக்கு இப்பல்லாம் டேங்குன்னாலே பயம்.

ஒம்பது. ஏழு. அஞ்சு. அப்பாடா, இப்பதான் மூச்சு வருது. ரெண்டுல நிறுத்தறேன், வேணும்னேதான். குனிஞ்சு வாங்க. இந்தச் சின்னப் பெட்டிதான் கவர்னர். டேங்கு ரொம்பிடுச்சு, போதும்ப்பான்னு காத்தடிக்கிற கம்ப்ரஸருக்குச் சொல்றது இதோட வேலை. ரொம்பிடுச்சுன்னு இதுக்கு எப்படித் தெரியும்? டேங்குலேருந்து வர்ற இந்த ஒல்லிக் குழாய் வழியா. கவர்னர் பக்கம் கழட்டிட்டேன், விரல வைங்க. காத்து வருதா? வரல. டேங்குல ரெண்டு கிலோ இருக்கு, இங்க ஒரு பொட்டு இல்ல. அடைப்பு. டேங்கு காலின்னு நினைச்சுக்கிட்டு நாலு நாளா கம்ப்ரஸர் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, பாவம். இப்படிக் கம்பிய விட்டுக் குத்தினா... பார்த்தீங்களா, கட்டிக் கரி. இவ்வளவுதான் வியாதி. கம்ப்ரஸர் எண்ணெய் கக்குது, அதையும் சீக்கிரம் பிரிச்சுப் பாருங்க, இல்லாட்டி மறுபடியும் அடைக்கும்.

கிளம்பறீங்களா? எங்க கிளம்பறீங்க? கொஞ்சம் யோசிங்க. கவர்னர் ஏமாந்தாலும், டேங்கு மேல ஒரு சேஃப்டி வால்வு இருக்கு. பத்து தாண்டினா அதுவாத் திறந்து புஸ்ஸுன்னு கத்தி ஊரையே கூட்டணும். நாலு நாளா அது ஏன் கத்தல? பின்பக்க மூலையில கைய விட்டுத் தடவிப் பாருங்க. வால்வா அது? போல்ட்டு, வெறும் போல்ட்டு. வால்வக் கழட்டிட்டு ஓட்டையை அடைச்சு, மேல டேங்கு கலர்லயே பெயிண்ட் அடிச்சிருக்கு. எவ்வளவு சுத்தமான வேலை பாருங்க, ஒருத்தன் கண்ணுலயும் படாது.

என்ன கேட்டீங்க, பார்க்காமலே போல்ட்டுன்னு எப்படித் தெரியும்னா? ம். ஆமா, நான் எட்டிப் பாக்கல. அந்த போல்ட்டுக்கான ஸ்பேனரையும் பையில தேடாமதான் எடுத்தேன். நல்லாதான் கவனிக்கறீங்க. அந்த முள்ளையும் இப்படிக் கவனிச்சிருக்கலாம்.

இந்த வண்டி முன்னாடி என் பொண்டாட்டியோட தம்பிகிட்ட இருந்துச்சு. அஞ்சு வருஷம் முந்தி, அவன் சம்சாரத்தையும் நாப்பது நாள் பிள்ளையையும் இதே கேபின்ல கூட்டிட்டுப் போகணும். வால்வுல ஸ்பிரிங்கு செத்துப்போய், ஏழு கிலோவுக்கே புஸ்ஸு புஸ்ஸுன்னு கத்துது. பிள்ளை தூக்கித் தூக்கிப் போட்டு அழுவுது. மாமா, இந்தச் சனியன் வாயை அடைங்கன்னான். புது வால்வு கையில இல்ல. திரும்பி வந்ததும் மாத்திக்கலாம்னு நான்தான் போல்ட்ட முறுக்கினேன். யாராவது பார்த்தா கேப்பாங்கன்னு பெயிண்டும் அடிச்சேன். அடிச்ச அடியில எனக்கே மறந்து போச்சு.

போன மாசம் எங்க ஷெட்டுல வேற ஒரு வண்டியோட டேங்கு வெடிச்சுது. என்கூட இருபது வருஷம் வேலை பார்த்தவருக்கு இப்ப முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருக்கறப்பதான் இந்த போல்ட்டு ஞாபகம் வந்துச்சு. மச்சானுக்கு போன் போட்டா, வண்டிய வித்து ஒரு வருஷமாச்சு மாமான்றான். புரோக்கர் வழியா போச்சாம், யாருன்னு தெரியாதாம்.

அன்னையிலேருந்து வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தினம் இந்த லாரி ஸ்டாண்டுக்கு வந்து ஒவ்வொரு லாரியா நம்பர் பார்க்கறேன். இன்னிக்கு இருபத்தாறாவது நாள். வாட்ச்மேன் என்னை டீசல் திருடன்னு நினைச்சுட்டிருக்கான். இன்னிக்கு வந்தா வண்டி நிக்குது, இஞ்சின் ஓடுது, நான் வச்ச போல்ட்டுக்கு ஒரு முழம் தள்ளி பாப்பாவோட தலை.

திட்டுங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. மிச்சக் காத்தை இறக்கிட்டு இத மாட்டிடறேன், அப்புறம் அடிங்க. ஆமா, புது வால்வு. வாங்கின நாள்லேருந்து சட்டைப் பையிலயேதான் இருக்கு, ராத்திரி படுக்கறப்பகூட எடுக்கல. மாட்டினதும் ஸ்டார்ட் பண்ணுங்க, எட்டுல நிக்குதான்னு பார்த்துட்டு, வால்வுல இருக்கற இந்த வளையத்த இழுத்து அது கத்தறத ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன். பாப்பாவைக் காதைப் பொத்திக்கச் சொல்லுங்க.