பிறையோடு நகர்ந்த பள்ளம்

தாராவியில் தோல்பைப் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, தலைமை நாற்காலியில் தயங்கித் தயங்கி அமர்ந்திருக்கும் கரீம் பாட்சா பாய் அவர்களே! நம் குருதிக்கொடை மன்றத்தின் செயலாளர், மாட்டுங்காவின் மதிப்புக்குரிய திருவேங்கடம் ஐயா அவர்களே! செம்பூரிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் மலையளவு அன்பையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தேவ்நார் சுஷ்மாவின் தாழ்ந்த வணக்கம்.

தமிழாசிரியை என்பதால் என்னை மேடையேற்றினார்கள். நான் பேசப் போவதோ தாயாக. என் மகள் நேத்ராவுக்குத் தாலசீமியா. அவள் உடம்பு தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே ஊற வைக்காது. சில வாரங்களுக்கொரு முறை பிறர் இரத்தம் ஏற்றினால்தான் அவள் ஓடுவாள், பாடுவாள், என்னோடு சண்டை போடுவாள்.

சென்ற ஆண்டு மார்ச்சில் இரத்த வங்கியின் அலமாரி காலி. வெளுத்த உதடுகளோடு என் தோளில் சாய்ந்து அவள் உறங்க, நான் விழித்தபடியே கனவு கண்டேன். எங்கோ ஒரு செந்நிற ஆறு ஓடுகிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை? யார் தடுத்தார்?

அந்தக் கேள்வியோடுதான் மன்றக் கூட்டத்துக்குப் போனேன். திருவேங்கடம் ஐயா வருத்தத்தோடு சொன்னார்: "மார்ச்சுக்கு மார்ச் பாருங்கோ, ரத்தம் கொடுக்கறவா எண்ணிக்கை விழுந்துண்டே போறது. தாராவியில இன்ட்ரஸ்ட் போயிடுத்து. கேம்பை நவி மும்பை நெருளுக்கு மாத்திடலாம்."

தாராவியில் ஆண்டுதோறும் கொடையாளர்களைத் திரட்டும் கரீம் பாய் தலை குனிந்தார். அவர் மகள் சபா குனியவில்லை. புள்ளியியல் படிக்கும் பெண் அல்லவா! "ஒரு மாசத்த வச்சுத் தீர்ப்பு சொல்லாதிய அங்கிள். எல்லா வருசத்துக் கணக்கையும் தாங்க, பார்க்கோம்" என்றாள். மாட்டுங்கா ஷ்ருதி, அவள் தோழி, அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள்.

பைதானில் நிரல் எழுதினார்கள். (பைதான் என்றால் பாம்பில்லை, கணினி மொழி, பாட்டி! பயப்படாதீர்கள்.) காலத்தொடரில் நிலைத்தன்மை இருக்கிறதா என்று தேடினார்கள். நிலைத்தன்மை என்றால் அசையாதிருப்பதா? இல்லை. அலை எழலாம், அலை விழலாம். ஆனால் அலையின் சராசரி மட்டம் ஆண்டுக்கு ஆண்டு சரியக் கூடாது, அதன் ஆட்டமும் அளவு மாறக் கூடாது. உண்மையிலேயே ஆர்வம் வற்றுகிறதா, பருவந்தோறும் வந்து போகும் தாழ்வா என்று தெரிய வேண்டுமானால், முதலில் பருவத்தைப் பிரித்தெடுக்க வேண்டும்.

பிரித்தார்கள். திரையில் ஒரு பள்ளம் தெளிவாய் விழுந்தது. ஆண்டுதோறும் அதே மே மாதம்.

"இது எங்க பள்ளம் மாமா" என்று சிரித்தாள் ஷ்ருதி. "லீவு விட்டா மாட்டுங்காவே பாலக்காட்டுக்கு ரயிலேறிடறதே!"

சிரிக்கிறீர்கள்! நல்லது, அன்று ஐயாவும் சிரித்தார்.

ஆனால் மே மாதத்தைக் கழித்தும் மிச்சமிருந்த ஏற்ற இறக்கம் அடங்கவில்லை. இன்னொரு பள்ளம், ஒரே மாதத்தில் நில்லாமல், ஆண்டுக்கு ஆண்டு முன்னே முன்னே நகரும் பள்ளம். நிலைத்தன்மைச் சோதனையிலும் தொடர் தேறவில்லை. சபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலவைப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷ்ருதி, இது மார்ச் இல்லடி. இது எங்க நோம்பு! வருசா வருசம் பத்துப் பதினோரு நாள் முன்னால வரும்லா. ஏக் மினிட், பிறைக் கணக்கையும் கோட்ல சேக்கேன்."

சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரலில் வந்த நோன்பு, மெல்ல மெல்ல மார்ச்சுக்குள் வந்திருந்தது. பகலெல்லாம் பட்டினி கிடப்பவர் இரத்தம் எப்படிக் கொடுப்பார்? பிறை மாதத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினார்கள். மிச்சம் அடங்கியது. சோதனை தேறியது. தாராவியின் கொடை வற்றவில்லை, குறையவில்லை, ஓரங்குலம்கூடச் சரியவில்லை!

அன்பர்களே, அந்தப் பள்ளம் ஏன் அத்தனை ஆழம்? மற்ற மாதங்களில் நம் அலமாரியை நிரப்பியவர்கள் அவர்கள் என்பதால்! அவர்கள் வராத நாளில்தான், அவர்கள் வந்த நாள்களெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிந்தன.

ஐயா எழுந்து கரீம் பாயின் கையைப் பற்றினார். "தப்பாப் பேசிட்டேன் பாய்."

"அட விடுங்க ஐயா. மே மாசத்த எங்க பயலுவ பாத்துக்கிடுவானுவ. நோம்பு மாசத்த நீங்க பாருங்க."

முகாம் தாராவியிலேயே நின்றது. இந்த ஆண்டு நோன்பு மாதத்தில் மாட்டுங்காவும் செம்பூரும் வரிசையில் நின்றன. நேத்ராவுக்கு உரிய நாளில் இரத்தம் ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்: "அம்மா, இது யாரோட ரத்தம்?"

"தெரியலடா கண்ணு" என்றேன்.

தெரியவில்லை. இனியும் தெரியப் போவதில்லை. அதனால், இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் அந்த இரத்தம் தந்தவராகவே எண்ணிக் கைகூப்புகிறேன். நன்றி, உறவுகளே! வணக்கம்! ஸலாம்!